கல் வளைவுக்கு அடியில் உன் அம்மை

மக்கா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு “செரி, பாப்போம்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அந்தப் பதில் உனக்குப் போதாது என்று எனக்கும் தெரியும். நீ என்ன கேட்டாய் என்பதை நானே முதலில் எழுதிவிடுகிறேன், நான் மறந்துவிட்டேன் என்று நீ நினைக்க வேண்டாம். வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு அமெரிக்காவுக்கு வந்து உன்னோடு இருக்கச் சொன்னாய். அதோடு நிறுத்தியிருந்தால் வழக்கம்போல எதையாவது சொல்லித் தட்டிக் கழித்திருப்பேன். நீ திக்கித் திணறி இன்னொன்றும் சொன்னாய். “உங்களுக்கும் ஒரு காலம் வரும்லா அப்பா, அப்ப உங்களையும் அம்மா பக்கத்துலயே, அந்தக் கல் ஆர்ச்சுக்குக் கீழ...” என்று இழுத்தாய். பெற்ற தகப்பனிடம் அவன் சாம்பலைப் பற்றிப் பேசுவது லேசான காரியம் இல்லை. நீ கேட்டதில் எனக்குக் கோபமும் இல்லை. ஆனால் அந்தக் கல் வளைவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல முடியாது. போனில் சொன்னால் நீ இடையில் பேசுவாய், நான் கத்துவேன். அதனால் எழுதுகிறேன். வேறு யார் கண்ணில் பட்டாலும் படிக்கட்டும். பிள்ளையைக் கடல் தாண்டி அனுப்பிவிட்டுச் செல்போனையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவன் மட்டும் இல்லை.

நாங்கள் உன் வீட்டுக்கு வந்த அந்தக் கோடையில் நீ எங்கள் இருவரையும் அந்தப் பாலைவனப் பூங்காவுக்குக் கூட்டிப் போனாய். உன் பெண்டாட்டிக்கு மாதம் நிறைந்து வயிறு இறங்கியிருந்ததால் அவள் வரவில்லை. அவளுடைய ஷூவை உன் அம்மைக்கு மாட்டிவிட்டாய். கண்டாங்கிச் சேலைக்குக் கீழே ரோஸ் நிற ஷூ, தலையில் உன் தொப்பி, கையில் முந்திரிக்கொத்து டப்பா. அவளைப் பார்த்து நான் சிரித்ததற்கு என்னை எப்படி முறைத்தாள் தெரியுமா? காரை விட்டு இறங்கினால் எங்கே பார்த்தாலும் செக்கச் சிவந்த பாறை. மேலே ஏறிக்கொண்டே இருந்தோம். நீ முன்னால் போய்க்கொண்டே சொல்லிக்கொண்டு வந்தாய். இது மணல்கல், ஒரு காலத்தில் சுவர் மாதிரி நின்றது, மழையும் பனியும் காற்றுமாக நடுவில் தின்று தின்று ஓட்டை விழுந்து வளைவாகிப் போனது, யாரும் செதுக்கவில்லை, தானாக ஆனது என்று. கடைசித் திருப்பத்தில் அது தெரிந்தது. அந்தரத்தில் ஒரு கல் பாலம். நானோ வாய்க்கால் கரையில் நடந்தே பென்ஷன் வாங்கினவன். எனக்கு வேறு என்ன தோன்றும்? மாத்தூரில் இரண்டு மலைக்கு நடுவே ஆற்றுக்கு மேலாகத் தண்ணீரைக் கொண்டு போகிற தொட்டிப்பாலம்தான் ஞாபகம் வந்தது. “இதுக்கு மேல தண்ணி எங்கேருந்து எங்க போவுது?” என்று உன்னிடம் கேட்டேன். நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். “தண்ணியே கெடையாது அப்பா” என்றாய். தண்ணீர் போகாத இடத்துக்கு எதற்குப் பாலம் என்று நான் கேட்டதும் அவளும் சேர்ந்து சிரித்தாள். நாம் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்தது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.

அதன் நிழலில் அவளை உட்கார வைத்தாய். முகமெல்லாம் சிவந்து, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். “இது விழாதா மக்கா?” என்று மேலே பார்த்துக் கேட்டாள். “ஒருநாள் விழும். நம்ம காலத்துல விழாதும்மா” என்றாய். அப்புறம் அவள் முன்னால் குந்தி உட்கார்ந்து, சின்னப்பிள்ளையில் மார்க் காகிதத்தை நீட்டிவிட்டு நிற்பாயே, அதே முகத்தோடு, “எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டாய். அவள் உன் கன்னத்தைத் தடவி, “என்ன ஒரு எடம் மக்கா! இங்ஙனயே இருந்திரலாம் போல இருக்கு” என்றாள். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. போட்டோ எடுக்கத் தள்ளிப் போனாய். நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. காதுக்குப் பக்கத்தில் வந்து அவள் என்னிடம் சொன்னாள்: “என்ன எழவெடுத்த எடம் இது! ஒரு பச்சை எலை உண்டா? தாகத்துக்கு ஒரு வாய்த் தண்ணி கேக்க ஒரு வீடு உண்டா? எனக்கு நெஞ்செ அடைக்கி. பிள்ளை இம்புட்டுத் தூரம் வண்டி ஓட்டிக் கூட்டிட்டு வந்திருக்கான், நீங்க மூஞ்சியெ இப்பிடி வச்சிக்கிடாதீங்க.” அப்புறம் உன் போனைப் பார்த்துச் சிரித்தாள். உன் வீட்டுச் சுவரில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறாயே, அந்தச் சிரிப்புதான்.

இப்போது உனக்கு என் மேல் கோபம் வரும். வரட்டும். ஆனால் உன் அம்மை பொய் சொன்னாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்து காட்டுகிற ஒன்றை நன்றாக இல்லை என்று சொல்ல நம் வீடுகளில் யாருக்கும் வாய் வராது. கல்லூரியிலிருந்து முதல் லீவுக்கு வந்தபோது சென்னையிலிருந்து ஒரு சேலை வாங்கி வந்தாயே, கிளிப்பச்சையில் ஜிகினா வைத்தது, ஞாபகம் இருக்கிறதா? அதை உடுத்துக்கொண்டு சுசீந்திரம் தேருக்கு வந்தாள், பார்க்கிறவர்களிடம் எல்லாம் “என் பிள்ளை எடுத்தது” என்று முந்தானையை விரித்துக் காட்டினாள். வீட்டுக்கு வந்து அவிழ்த்தால் முதுகு முழுக்கத் தடிப்பு. தேங்காய் எண்ணெய் தடவிவிட்டவன் நான். “சவம், என்னமா அரிக்கி!” என்று வைதுகொண்டே அதை மடித்து வைத்தாள், அடுத்த கல்யாணத்துக்கும் அதையே உடுத்தாள். நீ எங்களோடு வீட்டிலேயே இருந்திருந்தால் இதெல்லாம் உனக்குத் தானாகத் தெரிந்திருக்கும். அவள் எப்போது நிஜமாகச் சிரிக்கிறாள், எப்போது உனக்காகச் சிரிக்கிறாள் என்று சமையல் கட்டில் அவள் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே கண்டுபிடித்திருப்பாய். பன்னிரண்டாம் வகுப்பு முடிந்ததும் உன்னை வெளியே படிக்க அனுப்பினோம். அதற்கப்புறம் நீ வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான். விருந்தாளிக்கு எந்த வீட்டில் நிஜத்தைச் சொல்வார்கள்?

பேத்தி பிறந்து முகத்தைப் பார்த்த கையோடு நான் ஊருக்குத் திரும்பிவிட்டேன். கன்னிப்பூ நெல் அறுப்பு நெருங்கியிருந்தது, வயலை அடுத்தவன் பொறுப்பில் விட எனக்கு மனசில்லை. அவள் பிள்ளையைக் குளிப்பாட்ட ஆள் வேண்டும் என்று அங்கே இருந்தாள். புரட்டாசியில் ஒருநாள் பிள்ளையின் துணியை மடித்துக்கொண்டிருந்தவள் அப்படியே சரிந்துவிட்டாள் என்று நீ போன் செய்தாய். உடம்பை ஊருக்கு அனுப்பலாம், ஆனால் நாளாகும் என்றாய். ஐஸ் பெட்டியில், விமானத்தின் அடியில், சாமான்களோடு சாமானாக அவள் கிடப்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. “வேண்டாம்லே, அங்கயே முடிச்சிரு” என்று நான்தான் சொன்னேன். பதினாறாம் நாள் அடியந்திரச் சடங்குக்கு நீ கலசத்தோடு வந்தாய். கன்னியாகுமரிக்குப் போய்க் கடலில் இறங்கிக் கரைத்தோம். கலசத்தை வாங்கும்போது லேசாக இருந்தது. மெலிந்த உடம்பு, இவ்வளவுதான் மிஞ்சும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். நீ வாயைத் திறக்கவில்லை. அடுத்த நாளே திருவனந்தபுரத்தில் விமானம் ஏறிவிட்டாய்.

அடுத்த வருஷம் திதிக்கு நான் தனியாகக் கன்னியாகுமரிக்குப் போனேன். முங்கிவிட்டு ஈர வேட்டியோடு கரையேறினேன், அப்போதுதான் விடிந்துகொண்டிருந்தது. மூலைக்கு மூலை ஜனம், எந்தெந்த ஊரிலிருந்தோ வந்து எந்தெந்தப் பாஷையிலோ அழுதுகொண்டிருந்தார்கள். பையிலிருந்த போன் அடித்தது. எடுத்தால் வீடியோவில் நீ. அங்கே பொழுது சாய்கிற நேரம். “அப்பா, அம்மாவைப் பாக்க வந்திருக்கோம்” என்றாய். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. போனைத் திருப்பிக் காட்டினாய். அந்தக் கல் வளைவு, சூரியன் பட்டு நெருப்பு மாதிரி நின்றது. “பாதியைத்தான் ஊருக்குக் கொண்டுவந்தேன் அப்பா. பாதியை இங்க விட்டேன். முறையா அனுமதி வாங்கித்தான். அம்மா அன்னைக்கு இங்கயே இருந்திரலாம்னு சொன்னாள்லா?” என்றாய். உன் கண் கலங்கியிருந்தது. பேத்தியைத் தூக்கி அந்தப் பக்கம் கையசைக்க வைத்தாய்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? “நல்ல எடம் மக்கா, நல்ல காரியம் செஞ்ச” என்றேன். அவள் செய்ததையேதான் நானும் செய்தேன். போனை வைத்தேன். பஸ் ஏறி நாகர்கோவில் வடசேரி ஸ்டாண்டில் இறங்கினேன், ஊருக்குப் போகிற பஸ் வந்து வந்து போயிற்று, ஏறத் தோன்றவில்லை. காய்கறிச் சந்தையில் சாக்கு இறக்குகிறவன் “பெரியவரே, ஓரமா இரியும்” என்று வைதான். என்ன பாதி? எவன் பிரித்தான்? கரண்டி வைத்து அளந்தாயா, இல்லை குத்துமதிப்பாகவா? எந்தப் பாதி இங்கே வந்தது, எந்தப் பாதி அங்கே நின்றது? எனக்கு உன்னை நேரில் பிடித்து நாலு அறை விட வேண்டும் போல ஆத்திரம். நாட்டின் எந்த மூலையில் செத்தவனையும் கொண்டுவந்து கரைக்கிற கடல் நமக்குப் பஸ் ஏறினால் வந்துவிடும். அந்தக் கடல் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவளைக் கொண்டுபோய் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாத இடத்தில் கொட்டிவிட்டு அவள் ஆசை என்கிறாயே என்று இருந்தது. ஒரு பிடி மண்ணாவது அங்கிருந்து எடுத்து வரச் சொல்லலாமா என்றுகூட யோசித்தேன். பூங்கா வாசலில் நீயே சொல்லியிருந்தாய், இங்கேயிருந்து ஒரு கூழாங்கல்லைக்கூட எடுக்கக் கூடாது என்று. எடுத்துத்தான் என்ன? அந்தக் காற்றில் அவள் அன்றைக்கே போயிருப்பாள். அள்ளுகிற பிடியில் வெறும் மணல்தான் வரும்.

அதற்கப்புறமும் நான் சொல்லவில்லை. வருஷா வருஷம் நீ அங்கே போகிறாய், பேத்தி அதைப் பாட்டியின் வீடு என்கிறாள், படம் வரைந்து அனுப்புகிறாள். தாய்க்குக் கடைசியாக ஒரு நல்லது செய்தோம் என்று நீ நிம்மதியாக இருந்தாய். அதைப் பிடுங்கி எனக்கு என்ன ஆகப்போகிறது என்று விட்டுவிட்டேன். இப்போது சொல்வதற்குக் காரணம், எனக்கும் நாள் நெருங்கிவிட்டது. நாகர்கோவிலில் டாக்டர் இரண்டு கிட்னியும் முடிந்துவிட்டது என்கிறார். தக்கலையில் இன்னொரு டாக்டரையும் பார்த்தேன், அவரும் அதையேதான் சொன்னார். டயாலிசிஸ் வைத்துக்கொண்டால் கொஞ்ச காலம் தள்ளலாமாம். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஊசியும் குழாயுமாகத் தள்ளி யாருக்காக இருப்பது? உன்னிடம் அழுது புரண்டு சொல்லவில்லை, நீயும் டிக்கெட்டைப் போட்டுக்கொண்டு ஓடி வராதே. வந்தால் உன் வேலை என்னாகும், விசா என்னாகும் என்று நீ அங்கே தூங்காமல் கிடப்பது எனக்குத் தெரியாதா? அங்கே வந்து உன்னோடு இருக்கிற கதையும் இதோடு முடிந்தது. விமானத்தில் உட்கார இந்த உடம்பு தாங்காது.

ஒன்று மட்டும் உனக்குச் சொல்ல வேண்டும், இதைப் புத்திமதி என்று எடுத்தாலும் சரி. உன் மகள் நாளைக்கு எதையாவது கொண்டுவந்து உன் முகத்துக்கு முன்னால் நீட்டுவாள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லு. அழட்டும், ஒரு நாளைக்குச் சாப்பிடாமல் கிடக்கட்டும். உனக்கு எது பிடிக்கும் எது பிடிக்காது என்று தெரிந்து வளரட்டும். நாங்கள் உன்னை ஒரு தடவைகூட வாட்டம் வராமல் வளர்த்தோம், அதனால் எங்களை உனக்குத் தெரியாமலே போயிற்று. இதைச் சரிசெய்ய இனி வழி கிடையாது. அவள் இல்லை, நானும் இருக்கப் போவதில்லை, வீட்டைப் பூட்டிய பிறகு நீ இந்தப் பக்கம் வருவதற்குக் காரணமும் இல்லை. வருத்தப்படாமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை மக்கா.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனை வைத்ததும் என் மனதில் வந்த பதில், என்னை அங்கே கொண்டுபோகாதே, ஒழுங்காகக் கன்னியாகுமரியில் கரைத்துவிடு என்பதுதான். சித்தியிடமும் அப்படித்தான் சொன்னேன். அவளுக்கும் நிம்மதி. “அதானே, அக்காளும் அங்கதானே இருக்கா அத்தான்” என்றாள். அவளுக்கு அந்தப் பாதிச் சாம்பல் கதை தெரியாது. ஆனால் அவள் சொன்னதிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. கடலில் கிடக்கிறவளுக்கு என்ன குறை? அவளைப் பெற்றவள் அங்கே, தகப்பன் அங்கே, கூடப் பிறந்த அண்ணன் அங்கே, அக்கம்பக்கத்தில் செத்தவர்கள் எல்லாரும் அங்கே. அமாவாசைக்கு அமாவாசை இந்த ஊரே வந்து நிற்கிறது. ஆனால் அந்தக் கல் வளைவுக்கு அடியில் கிடக்கிற பாதிக்கு யார் இருக்கிறார்கள்? வருஷத்தில் ஒருநாள் நீ போவாய், போட்டோ எடுப்பாய், இருட்டுவதற்குள் கிளம்பிவிடுவாய். அதற்கப்புறம் அந்தப் பாறையும் அவளும்தான். வாய்க்காலில் வெள்ளம் வந்து நான் ராத்திரி கரையிலேயே நிற்க வேண்டி வந்த நாட்களில் அவள் வீட்டில் தனியாகப் படுக்க மாட்டாள். பாயைச் சுருட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுவாள். “பேயும் இல்ல பிசாசும் இல்ல, என்னத்துக்குப் பயப்படுக?” என்று நான் வைதால், “பயம் இல்ல, பேச ஒரு ஆளு வேண்டாமா?” என்பாள்.

செத்த பிறகு ஒன்றும் கிடையாது என்றுதான் நான் இன்றைக்கும் நினைக்கிறேன். சாம்பலுக்குத் தனிமையும் கிடையாது, துணையும் கிடையாது. காற்றில் போன ஒன்றைத் தேடி இன்னொன்றைக் கொண்டுபோய்க் கொட்டுவதில் ஒரு பிரயோஜனமும் இல்லை. எனக்கும் புத்தி இருக்கிறது. இருந்தும் சொல்கிறேன், கேட்டுக்கொள். நான் போனால் உன் சித்தி மகன் இங்கே கொள்ளி வைப்பான், அவனிடம் பேசியாகிவிட்டது. உன்னால் எப்போது வர முடிகிறதோ அப்போது வா, கலசம் அவனிடம் பத்திரமாக இருக்கும். கடலுக்கு ஒரு பிடிகூட வேண்டாம், பாதி மீதி என்று எதையும் பிரிக்காதே. முழுவதையும் எடுத்துக்கொண்டு போய் அந்த எழவெடுத்த பாறைக்கு அடியில் விடு. அவள் உட்கார்ந்த பக்கம் எது என்று உனக்கு ஞாபகம் இருக்கும், போட்டோவில் இருக்கிறது. இங்கே கேட்பார்கள், கேட்காமல் விடமாட்டார்கள். கடலைக் கையெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு தகப்பனை எங்கே தூக்கிக்கொண்டு போகிறாய் என்று சித்தியே உன் சட்டையைப் பிடிப்பாள். நீ யாரிடமும் விளக்கிக்கொண்டிருக்காதே. “அம்மை அங்க தனியா இருக்கா” என்று சொல், போதும்.

அப்பா